தாய்லாந்தில் சுற்றுலா விசா நீட்டிப்பு: உறுப்பினர்களின் அனுபவங்கள்

பாங்காக்கில் மகன் குடும்பத்துடன் தங்கும் ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர்:

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் ஓய்வூதியர் பிரிவில் ஓராண்டு அனுமதி பெறலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அதற்குத் தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாத் இருப்பு வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். அவ்வளவு தொகையை அயல்நாட்டு வங்கியில் முடக்கிவைக்க மனமில்லாததால், 60 நாள் சுற்றுலா விசாவில் வந்து, அதன் மேல் 30 நாள் நீட்டிப்புப் பெற்றுத் தங்கிவிட்டு ஊர் திரும்புவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

விசாவில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதி, அதற்குள் நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. எதுவரை தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் கடவுச்சீட்டில் இடும் முத்திரைதான் தீர்மானிக்கிறது. வந்திறங்கிய நாளையே அவர்கள் முதல் நாளாகக் கணக்கிடுகிறார்கள். முத்திரையில் உள்ள அனுமதி முடியும் தேதி நெருங்கும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாலும் நாள்கள் வீணாவதில்லை. புதிய 30 நாள், பழைய அனுமதி முடியும் நாளிலிருந்தே தொடங்குகிறது.

சேங் வத்தானாவில் அரசு வளாகத்தின் பி கட்டடத்தில் இயங்கும் குடிவரவு அலுவலகத்தில் டி.எம்.7 என்னும் நீட்டிப்பு விண்ணப்பப் படிவம், 4×6 செ.மீ. புகைப்படம், கடவுச்சீட்டின் நகல்கள், 1,900 பாத் கட்டணம் ஆகியவற்றுடன் போய் நின்றபோது, அதிகாரி முதலில் கேட்டது என் வங்கி இருப்பையோ திரும்பிச் செல்லும் பயணச்சீட்டையோ அன்று. நான் எந்த வீட்டில் தங்கியிருக்கிறேன் என்பதற்கான டி.எம்.30 ரசீதைத்தான். 1979ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தினுடைய 38ஆம் பிரிவின்படி, வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டின் உரிமையாளரோ வீட்டைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரோ அதனை அறிவித்தாக வேண்டும். விடுதிகளில் இதனை அவர்களே செய்துவிடுவதால் நமக்குத் தெரிய வருவதில்லை. உறவினர் வீட்டில் தங்கும்போதுதான் சிக்கல் எழுகிறது; பெற்ற மகன் வீட்டில் இருப்பதற்கு அரசாங்கத்திடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நம்மவர்களுக்குத் தோன்றுவது இயல்புதானே! வீட்டுக்காரர் வேறெங்கோ வசிப்பவராக இருந்தால், வாடகைக்குக் குடியிருப்பவரே ஒப்பந்த நகலையும் உரிமையாளருடைய அடையாள அட்டை நகலையும் இணைத்து அறிவிக்கலாம். என் மகன் அவ்வாறு முன்னரே செய்து வைத்திருந்ததால் வேலை அன்றைக்கே முடிந்தது. எனக்குப் பின்னால் நின்ற குடும்பத்தினரிடம் மற்ற எல்லாத் தாள்களும் இருந்தும், அந்த ஒரு ரசீது இல்லாமல் திரும்பிப் போனார்கள்.

60ம் 30ம் சேர்ந்தால் சரியாக 90 என்பது இன்னொரு வசதி. தொடர்ந்து 90 நாள்களுக்கு மேல் தங்குவோர் தம் முகவரியைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி நம்மைத் தொடுவதில்லை.

வட தாய்லாந்தில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர்:

மேலே எழுதியவருக்கு எளிதாக முடிந்தது போல எல்லோருக்கும் முடிவதில்லை. நீட்டிப்பு என்பது நம் உரிமை அன்று, அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்ட சலுகை. என் கடவுச்சீட்டில் அடுத்தடுத்துச் சுற்றுலா முத்திரைகள் இருந்ததைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, இவ்வளவு காலமாக இங்கே என்ன செய்கிறீர்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நிதானமாகக் கேட்டார். கணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறார் என்று கூறி வங்கிக் கணக்கு விவரங்களைக் காட்டியும் அவர் நிறைவடையவில்லை. நீட்டிப்பு மறுக்கப்பட்டது, 1,900 பாத்தை வாங்கிக்கொண்டு, ஏழு நாள்களுக்குள் வெளியேற வேண்டும் என்று முத்திரையிட்டுக் கொடுத்தார்கள். குரலை உயர்த்தாமல் பெற்றுக்கொண்டு வந்ததே சரி என்று இன்றும் கருதுகிறேன். அந்த மேசையில் வாதாடி வென்றவர் எவரையும் நான் கண்டதில்லை.

அந்த ஏழு நாள்களையும் மீறி இருந்துவிடலாம், நாளொன்றுக்கு 500 பாத் அபராதம்தானே என்று அறிவுரை கூறியவர்களும் உண்டு. அபராதத்துக்கு 20,000 பாத் உச்சவரம்பு இருப்பது உண்மைதான். ஆனால் 2016 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, காலம் கடந்து தங்கியிருப்பவர் தாமாக வெளியேறும் முன் பிடிபட்டால், அந்தக் கடந்த காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலும், ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் நுழையத் தடை விதிக்கப்படும். அபராதக் கணக்கைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மற்றோர் உறுப்பினர்:

ஓய்வுபெற்ற ஐயா அவர்களின் பார்வைக்கு: 2024 ஜூலையில் அறிமுகமான டி.டி.வி. (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாகும், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள் தங்கலாம். இதற்கு 5 லட்சம் பாத் மதிப்புள்ள இருப்பைக் காட்ட வேண்டும். ஆனால் அது தாய்லாந்து வங்கியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாய்லாந்துக்கு வெளியிலிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். மனைவி அல்லது கணவரையும் 20 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் சார்ந்தோராகச் சேர்க்கலாம், பெற்றோரைச் சேர்க்க இயலாது. எனவே மகன் மூலமாகத் தங்களுக்கு அது கிடைக்காது. மருத்துவச் சிகிச்சை, தாய்லாந்துச் சமையல் வகுப்பு, முவே தாய் குத்துச்சண்டைப் பயிற்சி போன்ற காரணங்களில் ஒன்றைக் காட்டித் தாங்களே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். குத்துச்சண்டையை விடுத்துச் சமையலைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.