தேனி சாலையில் வண்டி விட்டு விட்டு ஓடுகிறது: கார்புரேட்டரையே மாற்ற வேண்டுமா?

பாலாற்றங்கரை:
அனைவருக்கும் வணக்கம். உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக வேலூரிலிருந்து போடிக்குச் சென்றுகொண்டிருக்கிறோம். நேற்றிரவு மதுரை காளவாசல் அருகே தங்கினோம்; வண்டி மழையில் நனைந்தபடி வெளியேதான் நின்றது. காலையில் ஒரே உதையில் கிளம்பி, நாகமலை புதுக்கோட்டை வரை எந்தக் குறையும் இல்லாமல் வந்த வண்டி, செக்கானூரணியைத் தாண்டியதும் விட்டு விட்டு ஓடத் தொடங்கியது. ஆக்ஸிலேட்டரை ஒரே நிலையில் பிடித்திருந்தாலும் எஞ்சின் திணறுகிறது. முறுக்கினால் இழுவை இல்லை. கையை எடுத்தால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. 150 சிசி, கார்புரேட்டர் உள்ள பழைய மாடல். உசிலம்பட்டியில் ஒரு பட்டறைக்காரர் வண்டியைப் பிரிக்காமலேயே சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, கார்புரேட்டர் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும், பொருள் நாளைதான் வரும் என்கிறார். மாலைக்குள் ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தாக வேண்டும். மனைவியும் ஒரு பெட்டியும் உடன் இருக்க, கையில் இருப்பவை பிளக் ஸ்பேனர், திருப்புளி, குறடு மட்டுமே. இவற்றைக் கொண்டு நானே எதைச் சோதித்துப் பார்க்கலாம்?

மழைக்காலப் பயணி:
இரவு முழுவதும் நனைந்த வண்டி என்பதால் பிளக் கேப்புக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கேப்பைக் கழற்றித் துணியால் நன்றாகத் துடைத்து மாட்டிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அதிலேயே சரியாகிவிட்டது.

செக்கானூரணிப் பட்டறை:
துடைப்பதில் நஷ்டமில்லை, ஆனால் இது அதுவாகத் தெரியவில்லை. கேப்பில் ஈரம் இருந்தால் காலையில் கிளப்பும்போதே தொல்லை கொடுத்து, எஞ்சின் சூடேறிய பிறகு தானாக அடங்கும். உங்களுக்கு நேர்மாறாக, சூடேறிய பிறகுதான் தொடங்கியிருக்கிறது. எதையும் வாங்குவதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்து பதில் சொல்லுங்கள்.

ஒன்று, வண்டி திணறும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். திணறல் குறைகிறதா, கூடுகிறதா? இரண்டு, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்துவிட்டுச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டுங்கள். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தால், டேங்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டுப் பெட்ரோல் இறங்காமல் போகும். திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபடுவதும், அதன்பின் வண்டி சீராவதும் அதற்கு அடையாளம். மூன்று, நான்காவது கியரில் சற்றுப் பாரத்தோடு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து, எஞ்சினை நிறுத்தி, ஓரங்கட்டி, ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். நின்ற இடத்திலேயே உறுமவிட்டு எடுத்த பிளக்கின் நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பாலாற்றங்கரை:
மிக்க நன்றி ஐயா. கேப் உலர்ந்தே இருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்து ஓட்டியும் மாற்றமில்லை. சோக்கைப் பாதி இழுத்ததும் வண்டி ஏறக்குறைய ஒழுங்காக ஓடியது. தள்ளியதும் மீண்டும் திணறியது. பிளக்கின் நடுப் பீங்கான் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன்: ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்ட பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல், சிறிது நேரம் மேலேயே நின்றுவிட்டுத்தான் இறங்குகிறது.

செக்கானூரணிப் பட்டறை:
இப்போது பாதிக் கிணறு தாண்டிவிட்டோம். சோக் என்பது பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டுவது. அதைக் கூட்டியதும் எஞ்சின் திருந்துகிறது என்றால், இப்போது அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். வெளுத்த பிளக்கும் அதையே சொல்கிறது. பெட்ரோல் மிகுந்திருந்தால் கரி படிந்து கறுத்திருக்கும், சரியாக இருந்தால் வெளிர் பழுப்பாக இருக்கும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். அந்தக் கணக்கு கெட இரண்டே வழிகள்தான்: பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டில் தூசியோ, கார்புரேட்டரின் அடிக்கிண்ணமான பௌலில் தண்ணீரோ சேர்ந்து பெட்ரோல் குறைந்திருக்க வேண்டும், அல்லது கார்புரேட்டரைத் தாண்டிய ஓரிடத்தில் திருட்டுக் காற்று நுழைய வேண்டும். விட்ட பிறகும் வேகம் இறங்காமல் நிற்கிறது என்று சொன்னீர்களே, அது இரண்டாவது வழியைத்தான் காட்டுகிறது.

இருந்தாலும் முதலாவதை விலக்கிவிடுவோம். பெட்ரோல் டேப்பை மூடி, பௌலின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, வடிவதை ஒரு தெளிவான தண்ணீர் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும். எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோல் சிறிதளவு ஈரத்தைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தே பிரிந்து கீழே தங்கிவிடும் என்பதால், மழைக்காலத்தில் இந்தச் சோதனையை நான் தவறவிடுவதே இல்லை. எஞ்சின் ஆறிய பிறகே செய்யுங்கள். அருகில் பீடி, சிகரெட்டோடு யாரும் நிற்க வேண்டாம்.

அதன்பின் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, கார்புரேட்டரையும் எஞ்சின் தலைப்பகுதியையும் இணைக்கும் ரப்பர் குழாயைச் சுற்றி, குறிப்பாக அடிப்பக்கத்தில், தண்ணீரைச் சிறு தூறலாகத் தெளியுங்கள். விரிசல் இருந்தால், தண்ணீர் அதை ஒரு கணம் அடைத்து உள்ளே இழுபடும். எஞ்சின் சத்தம் அந்தக் கணமே மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பார்கள். சூடான எஞ்சின் அருகே அதைச் செய்யவே கூடாது.

பாலாற்றங்கரை:
பாட்டிலில் பிடித்த பெட்ரோலில் தண்ணீரோ தூசியோ இல்லை. ஆனால் ரப்பரின் அடியில் தெளித்ததும் எஞ்சின் இடறி, உடனே மீண்டது. திரும்பத் தெளித்தபோதும் அப்படியே நடந்தது. கைப்பேசி விளக்கைப் பிடித்துக் கீழிருந்து பார்த்தால், கிளாம்பை ஒட்டி அரைவட்டமாக ஒரு வெடிப்பு தெரிகிறது. விரலால் அழுத்தினால் மூடிக்கொள்கிறது, விட்டால் வாய் திறக்கிறது.

செக்கானூரணிப் பட்டறை:
அதுவேதான். எஞ்சின் சூட்டில் கிடந்து கிடந்து இறுகிப்போன ரப்பர் இப்படித்தான் கிளாம்பின் ஓரத்தில் வெடிக்கும். சூடும் அதிர்வும் கூடக்கூட வெடிப்பு விரியும் என்பதால்தான் காலையில் அது உங்களுக்குத் தெரியவில்லை. கார்புரேட்டரில் குறையில்லை. இப்போதைக்கு ஒரு சைக்கிள் கடையில் பழைய ட்யூபை விரலகலப் பட்டையாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ரப்பரில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, பட்டையை நன்றாக இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்றி, மேலே கட்டுக்கம்பியால் இறுக்குங்கள். தேனி வரை தாங்கும்.

வைகைக்கரை:
பட்டறை அண்ணன் கண்டுபிடித்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கட்டை நம்பி இரண்டு பேரும் பெட்டியுமாகக் கணவாய் ஏறுவதை ஏற்க மாட்டேன். மேட்டில் பாரத்தோடு இழுக்கும் நேரத்தில் கட்டு தளர்ந்து பெட்ரோல் குறைந்தால், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. உசிலம்பட்டி பேருந்து நிலையத்திலிருந்து தேனிக்குப் பேருந்து அடிக்கடி இருக்கிறது. உங்கள் வீட்டாரையும் பெட்டியையும் அதில் அனுப்பிவிட்டுத் தனியாக மெதுவாக ஏறுங்கள்.

செக்கானூரணிப் பட்டறை:
சரியான யோசனை, அப்படியே செய்யுங்கள். வழியில் திணறல் திரும்பினால் சோக்கைப் பாதி இழுத்து ஓரமாக வந்து நிறுத்திக் கட்டைப் பாருங்கள். சோக்கோடே மலையேற வேண்டாம்.

பாலாற்றங்கரை:
தேனி வந்து சேர்ந்துவிட்டேன். கணவாயில் திணறல் இல்லை. ஏறி முடித்த பிறகு நிறுத்திப் பார்த்தபோதும் கட்டு அப்படியே இருந்தது. உதிரிபாகக் கடையில் என் மாடலுக்கான ரப்பர் கிடைத்தது, மாட்டியாகிவிட்டது. சோக் இல்லாமலே இழுக்கிறது, சைலன்சரில் வெடிச்சத்தமும் நின்றுவிட்டது. ஆனால் ஐட்லிங் மட்டும் மிக உயரமாக நிற்கிறது.

செக்கானூரணிப் பட்டறை:
உசிலம்பட்டியில் வண்டி அணையாமல் இருக்க அந்தப் பட்டறைக்காரர் ஐட்லிங் திருகை ஏற்றி வைத்திருக்கலாம். திருட்டுக் காற்று நின்ற பிறகு அந்த ஏற்றம் தேவையில்லை. சிறிது தூரம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு திருகை மெல்ல இறக்கி, அணையாமல் சீராக நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். பக்கத்திலுள்ள சிறிய ஏர் திருகைத் தொட வேண்டாம். புது ரப்பரின் கிளாம்பை போடியில் எஞ்சின் ஆறிய பிறகு ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். முதல் சூட்டில் அது சற்றுத் தளரும்.