பிரான்ஸில் சிறு திராட்சைத் தோட்டக்காரர்களைச் சந்திக்கப் போகிறேன், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?

தேம்ஸ்கரை:
வணக்கம். லண்டனில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். இதுவரை கடையில் விற்பனைதான், கூடவே டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் படிப்பில் மூன்றாம் நிலைத் தேர்வு முடித்திருக்கிறேன், அதனால் பாட்டிலைத் திறந்த பிறகு நடப்பது ஓரளவு தெரியும், அதற்கு முந்தியது எல்லாம் படித்த அறிவு. பிப்ரவரியில் முதலாளி என்னைத் தனியாக பர்கண்டிக்கு அனுப்புகிறார், புதிதாக இரண்டு மூன்று சின்னத் தோட்டக்காரர்களைப் பிடித்துக்கொண்டு வா என்கிறார். ஷாத்தோ எனப்படும் பெரிய ஒயின் பண்ணைகளைப் பற்றி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஐந்தாறு ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பத்தின் வாசலில் போய் நின்றால் எப்படிப் பேசுவது, விலையை எப்போது கேட்பது, அவர்கள் எதிரிலேயே துப்பலாமா, ருசி பிடிக்கவில்லை என்றால் என்ன சொல்வது? பிரெஞ்சு சுமாராக வரும்.

பழையபீப்பாய்:
முதலில், வாசலில் போய் நிற்காதீர்கள் தம்பி. முன்கூட்டியே தொலைபேசியில் பேசி நேரம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பதில் வந்தால் உண்டு, ஏனென்றால் அதைப் படிக்க வேண்டியவரும், டிராக்டர் ஓட்டுபவரும், பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். பிப்ரவரியில் அவர் கவாத்து வேலையில் இருப்பார். பகல் 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம், அதில் கை வைக்கவே கூடாது. போனதும் போன்ஷூர் சொல்லுங்கள், அதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வருபவரை அங்கே யாருக்கும் பிடிக்காது.

நிலவறையில் கண்ணாடிக் குழாயால் பீப்பாயிலிருந்து எடுத்து ஊற்றுவார். பிப்ரவரியில் நீங்கள் ருசிப்பது போன செப்டம்பர் வாக்கில் அறுத்தது, பலவற்றில் இரண்டாம் நொதித்தல், அதாவது மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறுவது, இன்னும் முடிந்திருக்காது. புளிப்பாக, நாக்கில் லேசாகக் குமிழ் தட்டும். அதை வைத்து முடிவு கட்டாமல், பாட்டிலில் போட்ட முந்தைய ஆண்டையும் காட்டச் சொல்லுங்கள்.

விலையைக் கடைசியில் கேளுங்கள், அதற்கு முன்னால் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர், ஏறக்குறைய 300 பாட்டில். பிரீமியே குரூ, அதாவது உயர்தரம் என்று வகுத்த ஒரு நிலத்திலிருந்து அவருக்கு இரண்டு பீப்பாய்தான் வருகிறது என்றால் உலகம் முழுவதற்கும் 600 பாட்டில், அதில் பாரிஸ் உணவகங்களுக்கும் நியூயார்க்குக்கும் டோக்கியோவுக்கும் போக உங்களுக்கு என்ன மிஞ்சும்? குளோ த வூஜோவைப் பாருங்கள், ஒரு காலத்தில் சிஸ்டெர்சிய துறவிகள் கையில் ஒரே தோட்டமாக இருந்தது, சுமார் 50 ஹெக்டேர், இன்று 80 பேர் அளவில் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். நெப்போலியன் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சம பங்கு என்பதால் தலைமுறைக்குத் தலைமுறை துண்டு சிறுத்துக்கொண்டே வருகிறது.

ஆகவே நீங்கள் அவரைப் பிடிக்கப் போகவில்லை, அவர்தான் உங்களை எடைபோடுகிறார். முதல் ஆண்டு கொஞ்சம் அலிகோத்தே என்ற எளிய வெள்ளை ஒயின், கொஞ்சம் சாதாரண பர்கண்டி சிவப்பு கொடுப்பார், முகம் சுளிக்காமல் வாங்குங்கள். 2021 ஏப்ரல் உறைபனி நினைவிருக்கிறதா, தோட்டமெல்லாம் மெழுகுவத்தி ஏற்றியும் சீக்கிரம் துளிர்க்கிற ஷார்தொனே என்ற வெள்ளைத் திராட்சைதான் அதிகம் கருகியது. கிடைத்த சொற்பத்தை அந்த ஆண்டு முனகாமல் எடுத்துக்கொண்டவர்களுக்கு அடுத்த நல்ல விளைச்சலில் ஒதுக்கீடு கூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

நாந்த்வாசி:
பெரியவர் சொல்வதெல்லாம் சரி, ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வருபவரை ஏன் பர்கண்டிக்கு அனுப்புகிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அங்கே நல்ல பெயர் எடுத்த சின்ன ஆட்களிடம் வரிசை நிற்கிறது, பெயர் எடுக்காதவர்களின் விலையும் ஏறிவிட்டது. முதலாளியிடம் பேசிப் பயணத்தை இன்னும் தெற்கே நீட்டுங்கள், பர்கண்டியின் மெர்சோ ஊரிலிருந்து போஜோலே வட்டாரத்தின் மொர்கோன், ஃப்ளூரி பக்கம் காரில் ஒரு மணி நேரச் சொச்சம்தான். நவம்பர் மூன்றாம் வியாழனில் கூத்தடித்து விற்கும் புது ஒயினால் அந்த ஊர்ப் பெயரே கெட்டுக் கிடக்கிறது, அதனாலேயே அங்கே குரூ என்று தனித் தரம் பெற்ற பத்து ஊர்களில் கருங்கல் மண்ணில் விளையும் காமே என்ற திராட்சையின் சிவப்பு ஒயின் இன்னும் நியாய விலைக்குக் கிடைக்கிறது. திராட்சையைக் கையால்தான் பறிக்கிறார்கள், குலை குலையாகத் தொட்டியில் போடுகிறார்கள், வேலை ஒன்றும் குறைச்சல் இல்லை.

இன்னொன்று, பிப்ரவரித் தொடக்கத்தில் லுவார் பக்கம் சோமூரில் லா டீவ் பூத்தேய் என்ற சந்தை நடக்கும், இயற்கை ஒயின்காரர்கள், அதாவது சேர்மானம் முடிந்தவரை இல்லாமல் ஒயின் செய்பவர்கள், நூற்றுக்கணக்கில் வருவார்கள். வீடு வீடாக அலையாமல் முதலில் அங்கே ருசி பார்த்து, பிடித்தவர்களிடம் மட்டும் பிறகு தோட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லலாம். கூட்டத்தில் நாக்கு சீக்கிரம் மரத்துவிடும், அதற்குத் தயாராகப் போங்கள்.

எங்கள் ஊர் வெள்ளை ஒயினான மஸ்கடேவைப் பற்றி நான் பேசினால் விளம்பரம் என்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

தேம்ஸ்கரை:
நன்றி அண்ணா, போஜோலேயையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன். பிடிக்காத ஒயினுக்கு என்ன சொல்வது என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே?

லியோன்_அக்கா:
நான் உணவகத்தில் ஒயின் பார்த்துக்கொள்கிறேன், வாங்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிடிக்காததற்கு அருமை, அற்புதம் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பொய் உடனே தெரிந்துவிடும், பிறகு உண்மையாகப் பிடித்ததைச் சொன்னாலும் மதிப்பிருக்காது. பேசாமல் இருப்பது தப்பே இல்லை. இல்லையென்றால் கேள்வி கேளுங்கள்: இது எந்தத் துண்டு நிலம், கொடிக்கு எத்தனை வயது, பீப்பாய் புதிதா பழையதா. நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர்களே நிறுத்த மாட்டார்கள். தோட்டத்தைக் காட்டவா என்று கேட்டால் எவ்வளவு குளிராக இருந்தாலும் போங்கள், சேறு ஒட்டும் பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

துப்புவது அவமரியாதை இல்லை, துப்பாமல் விழுங்குபவரைத்தான் தொழில் தெரியாதவர் என்று நினைப்பார்கள். வாளி இருக்கும், சில நிலவறைகளில் தரையில் பரப்பிய ஜல்லியைக் காட்டுவார்கள். கார் ஓட்டப் போகிறீர்கள், பிரான்ஸில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை, துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். காலையில் இரண்டு இடம், மாலையில் இரண்டு இடம், அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு மட்டும் யாருடைய நிலவறைக்கும் போய்விடாதீர்கள்!

கணக்குப்பிள்ளை:
ருசி கதை போதும், சரக்கு எப்படி வந்து சேரும் என்று யோசித்தீர்களா? அவர் சொல்லும் விலை நிலவறை வாசல் விலை. அதன் மேல் லாரிக்கூலி, வரி எல்லாம் உங்கள் தலையில். ஒரு பலகைத்தட்டில் ஏறக்குறைய 600 பாட்டில் ஏறும், நாலு ஊரில் ஆளுக்கு 60, 120 என்று வாங்கினால் அதை ஒரே இடத்தில் சேர்த்து ஏற்ற ஆள் பிடிக்க வேண்டும். சந்துக்குள் பெரிய லாரி வருமா, ஃபோர்க்லிஃப்ட் இருக்கிறதா என்பதைப் போகும்போதே கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள், அது இல்லாமல் ஒரு சரக்கு வாரக்கணக்கில் தூங்கிய கதை எங்கள் அலுவலகத்தில் உண்டு.

ஆல்கஹால் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து பிரிட்டனில் ஒயின் வரி சதவீதத்துக்குத் தகுந்தபடி ஏறுகிறது, வெயில் அதிகமான ஆண்டின் 14.5 சிவப்பும் 12.5 சிவப்பும் இப்போது ஒரே வரி இல்லை. அப்புறம் பின்லேபிளில் உங்கள் நிறுவன முகவரி வர வேண்டும், லேபிளை அவர் ஒட்டுவாரா நீங்கள் ஒட்டுவீர்களா என்பதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

தேம்ஸ்கரை:
முதலாளி போஜோலேக்கு ஒரு நாள் அதிகமாகத் தந்துவிட்டார். லேபிள் விஷயத்தை மட்டும் முதல் சந்திப்பிலேயே பேசினால் அவசரப்படுவதாக நினைப்பார்களா?

கணக்குப்பிள்ளை:
விலைப்பட்டியலைக் கையில் கொடுத்த பிறகு பேசுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.