களப்பணியாளர் பாதுகாப்பு: தமிழில் கையேடு இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் வெள்ள நிவாரணம் செய்யும் சிறிய அமைப்பொன்றில் பணியாளர் பாதுகாப்பு என் பொறுப்பு. பயண அனுமதி, குறித்த நேரத்தில் தொலைபேசியில் இருப்பிடம் அறிவித்தல், அறிவிப்பு வராவிட்டால் யார் தேடிச் செல்வது என்பவற்றை விளக்கும் கையேடுகள் என் கைக்கு ஆங்கிலத்தில்தான் கிடைத்திருக்கின்றன. எங்கள் சாரதிகளுக்கும் தொண்டர்களுக்கும் அவை பயன்படவில்லை. 2006 ஆகஸ்டில் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்ட 17 நிவாரணப் பணியாளர்களும் உள்நாட்டவர்களே. ஆபத்து முதலில் இவர்களைத்தான் தொடுகிறது. தமிழில் கையேடோ பயிற்சிக் குறிப்போ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள்.

இன்னொன்று: களத்தில் இருப்பவர் ‘போக முடியாது’ என்றால் அவரை வற்புறுத்தி அனுப்பக் கூடாது என்ற விதியை உங்கள் அமைப்பில் எழுத்தில் வைத்திருக்கிறீர்களா? அதன் வாசகம் எனக்கு மிகவும் தேவை. மாரி தொடங்குமுன் முடிக்க வேண்டும்.