பாயின்டிலிசம்: புள்ளியோவியமா, நிறப்பகுப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

சிறுசிறு நிறப் புள்ளிகளால் வரையும் ஓவியப் பாணியான பாயின்டிலிசத்துக்குத் தமிழ்ச் சொல்லாக நேற்று நீங்கள் பரிந்துரைத்த 'புள்ளியியம்' எனக்குச் சரியாகப் படவில்லை, ஐயா. 'புள்ளியியல்' கணக்குத் துறையில் வேரூன்றிவிட்ட சொல். கடைசி எழுத்து ஒன்றுதான் மாறுகிறது. படிப்பவர் மனம் தானாகவே புள்ளிவிவரத்துக்குப் போய்விடும். 'புள்ளிக்கோலம்' அழகான சொல்தான். ஆனால் கோலத்தில் புள்ளி வழிகாட்டி மட்டுமே. இழை அதைச் சுற்றியோ இணைத்தோ போனால்தான் வடிவம் வரும். இந்தப் பாணியைத் தொடங்கிய பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவின் ஓவியத்தில் புள்ளிகள் நெருங்கி நின்றே வடிவமாகின்றன.

அவர் 1884 முதல் 1886 வரை பாடுபட்டு வரைந்த 'கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை' ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். வெயில் படும் புல்லைக் கிட்டே போய்ப் பார்த்தால் பச்சைக்கு நடுவே ஆரஞ்சும் மஞ்சளும் தனித்தனியாகக் கிடக்கும். நாலடி பின்னால் வந்தால் அது வெயில். நிறங்களைத் தட்டில் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலக்கும் வேலையைக் கண்ணிடம் விட்டுவிடுகிறார். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையில் நடப்பதும் இதுதான்: பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொன்று, பார்ப்பவருக்கு மூன்றாவது. இந்த ஓவியர்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவரான வேதியியலாளர் ஷெவ்ரலும் நெசவோடு தொடர்புடையவர்தான். பாரிஸின் கோபலன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவர். கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது என்று கண்டவர். அவருடைய நூல் 1839இல் வந்தது.

ஆகவே புள்ளி வெளித்தோற்றம். உயிர், நிறங்களைக் குழைக்காமல் தனித்தனியே பிரித்து வைக்கும் பகுப்பில் இருக்கிறது. சூரா 1891இல் 31 வயதில் இறந்தபின் இந்தப் பாணியைத் தாங்கி நின்ற பால் சின்யாக், 1899இல் வந்த தம் நூலில் இதையே வற்புறுத்தினார்: நாங்கள் புள்ளி வைப்பவர்கள் அல்லர், பகுப்பவர்கள் என்று. அவரும் அதே பாணியில் வரைந்த ஆன்றி எத்மோன் கிராஸும் பிற்காலத்தில் வைத்தவை புள்ளிகளே அல்ல, மொசைக் கல் போன்ற அகலத் தீற்றல்கள். அவற்றைப் 'புள்ளியோவியம்' என்றால் பொய்யாகிவிடும்.

அதனால் இரண்டு சொற்கள் வேண்டும் என்கிறேன். பாயின்டிலிசத்துக்குப் 'புள்ளியோவியம்', சின்யாக் சொன்ன அந்தப் பகுப்பு முறையான டிவிஷனிசத்துக்கு 'நிறப்பகுப்பு'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "கமீல் பிசாரோ சில ஆண்டுகள் புள்ளியோவியம் தீட்டினார், வேலை மெதுவாக நகர்ந்ததால் விட்டுவிட்டார்." "சின்யாக் கடைசிவரை நிறப்பகுப்பைக் கைவிடவில்லை." இரண்டும் நாக்கில் தடுக்காமல் வருகின்றன. கலை விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் 1886இல் இந்த ஓவியர்களின் இயக்கத்துக்குச் சூட்டிய 'நியோ இம்ப்ரஷனிசம்' என்ற பெயரை அப்புறம் தனியாகப் பேசலாம்.

ஒரே ஒரு ஐயம். அந்த மொசைக் போன்ற தூரிகைத் தடத்துக்கு நான் 'தீற்றல்' என்றே எழுதி வருகிறேன். ஓவியம் பயின்றவர்கள் வேறு சொல் புழங்கினால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.