தார் ரோட்டுக்கு தட்டை ஜல்லி வந்தா தாங்குமா?

புளியரை பையன்: செங்கோட்டை தாண்டி ஒரு ரோடு வேலை பாக்கேன்ணே. 13 எம்எம் ஜல்லி பாதி தட்டையா வருது, மேல ஒரே தூசி. தார் அளவு கரெக்ட், சல்லடை ரிப்போர்ட்டும் பாஸ், ஆனா ஒரு மழைக்கே கல்லு பேருதே, ஏன்?

மலையடிவாரம்: சல்லடை சைஸைத்தான் சொல்லும், கல்லோட ஷேப்பை சொல்லாது தம்பி. தட்டைக் கல்லு ரோலர் ஏறுனதும் ஒடஞ்சிரும், ஒடஞ்ச முகத்துல தாரே இருக்காது, அங்கனதான் தண்ணி எறங்குது. மோர்த் (மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம்) விதிப்படி தட்டைக் கல்லும் நீளக் கல்லும் சேத்து 35 சதவீதம் தாண்டக்கூடாது. தாடை மாதிரி நசுக்குற ஜா கிரஷரோட நிப்பாட்டாம, கல்லை வேகமா வீசி மோதவெச்சு உடைக்கிற விஎஸ்ஐ மெஷின்ல விட்டு எடுத்த ஜல்லி கேளு, நாலு பக்கமும் சமமா வரும்.

தார்வேலை: தூசியையும் விட்ராதீங்க, அதுதான் முக்கியம்னு சொல்வேன். தார் தூசியில ஒட்டும், கல்லுல ஒட்டாது. ஒரு கை ஜல்லிய பக்கெட்டு தண்ணில அலசுங்க, சாம்பலா கலங்குச்சுன்னா லோடை திருப்பி அனுப்புங்க. ஃபில்லரா (கல்லு இடுக்கை நிரப்புற பொடி) மொத்த ஜல்லி எடையில 2 சதவீதம் நீத்துன சுண்ணாம்பு சேத்தா பிடிப்பு கூடும். தென்மேற்கு, வடகிழக்குனு ரெண்டு மழையும் வாங்குற ஊரு, மேல கேரளா போற லோடு லாரி வேற.

புளியரை பையன்: சாம்பிள் குவியல் ஓரத்துல எடுத்தாங்க, பரவால்லையா?

மலையடிவாரம்: கூடாது, பெரிய கல்லு ஓரமா உருண்டு வந்துரும். நாலஞ்சு எடத்துல உள்ள தள்ளி அள்ளி கலந்து எடு.