எழுத்து வினாவா, எழுத்துவிடை வினாவா?

நண்பர்களே,

மக்களவை உறுப்பினர் கேட்டு அமைச்சர் எழுத்தில் விடை தரும் கேள்விக்கு (unstarred question) தமிழில் 'எழுத்து வினா' என்றே பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் வந்த யோசனையைப் பார்த்தேன். சொல் சின்னது, நாக்கில் எளிதாக வருகிறது. ஆனால் பொருள் இடறுகிறது. மக்களவையில் அமைச்சர் எழுந்து நின்று வாயால் விடை சொல்லும் கேள்விக்கும் உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில்தான் அறிவிப்புக் கொடுக்கிறார். கேள்வி இரண்டிலும் எழுத்துதான், விடை வரும் வழிதான் வேறு.

நாளிதழ்களில் புழங்கும் 'நட்சத்திரக் குறியிடப்படாத கேள்வி' எனக்கு இன்னும் உறுத்துகிறது. அச்சில் ஒரு குறி இல்லை என்பதை வைத்தா, நாளொன்றுக்கு 230 வரை பட்டியலில் வரும் ஒரு வகைக்குப் பெயர் வைப்பது? வாயால் விடை சொல்லப்படும் குறியிட்டவை வெறும் 20, அவற்றிலும் கேள்வி நேரத்துக்குள் சிலதான் எடுக்கப்படும். 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே ரத்து செய்துவிட்டபோது மிஞ்சியதும் இந்த எழுத்து வழிதான். தவிர, ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் மாதத்துக்கு நான்கு கேள்வி கேட்டு ஒரு வாரத்தில் எழுத்தில் விடை பெறலாம், அங்கே நட்சத்திரமே கிடையாது, அதை என்னவென்று தமிழில் சொல்வோம்? இலங்கை நாடாளுமன்றத்தின் நடவடிக்கைப் பதிவான ஹன்சாட்டில் 'வினாக்களுக்கு வாய்மூல விடைகள்' என்று விடையை வைத்தே தலைப்பிட்டிருக்கிறார்கள். அந்த வழியில் போய் 'எழுத்துவிடை வினா' என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

'விடை' எதற்கு, 'பதில்' போதாதா என்றால், போதாது. வழக்கமான ஒரு கேள்வியின் அமைப்பைப் பாருங்கள்: (அ) பணியிடங்கள் காலியாக உள்ளனவா, (ஆ) ஆம் எனில், கடந்த மூன்று ஆண்டுகளுக்கு மாநிலவாரியாக விவரம் என்ன, (இ) நிரப்பாததற்குக் காரணம் என்ன. இந்த வகையில் துணைக் கேள்வி கேட்க வழியில்லை, அதனால் அமைச்சர் நழுவக்கூடிய இடங்களை எல்லாம் உறுப்பினர் முதலிலேயே அடைத்துவிட வேண்டியிருக்கிறது. 'மாநிலவாரியாக' என்ற ஒரு சொல் இருப்பதால்தான் இணைப்பில் அட்டவணை வருகிறது. அந்த எண்கள் அமைச்சர் பெயரில் அவைப் பதிவில் ஏறிவிடும், இரண்டு வருடம் கழித்து வேறொருவர் அதே கேள்வியை அப்படியே கேட்டு இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது குறைந்தது, எது காணாமல் போனது என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

ஆனால் சில நேரம் '(அ) முதல் (இ) வரை: தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்' என்று ஒரே வரி வரும். எதையாவது திருப்பிச் சொன்னாலே அது பதில், கேட்டது கிடைத்தால்தான் விடை. இங்கே பதில் வந்துவிட்டது, விடை வரவில்லை. தமிழில் இந்த இரண்டு சொல்லும் தனித்தனியாக இருப்பது நமக்கு எவ்வளவு பெரிய வசதி! அந்த ஒற்றை வரிக்குத் 'தவணைப் பதில்' என்று பெயர் வைக்கலாம். 'இடைக்கால விடை' என்றும் போட்டுப் பார்த்தேன், பாதி விடையாவது கைக்கு வந்துவிட்ட மாதிரி ஒலிக்கிறது, வேண்டாம். தவணை என்றால் கெடு உண்டு. மக்களவையில் இப்படிச் சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் வரும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அரசு உறுதிமொழிக் குழு அதைப் பின்தொடரும். சொல்லிலேயே கெடு தெரிந்தால், செய்தி படிக்கிறவர் 'சரி, அந்தத் தவணை எப்போது முடிகிறது' என்று கேட்பார்.

அமைச்சர் வாயால் விடை சொல்லும் இன்னொரு வகைக்கு 'வாய்விடை வினா' என்றால் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது, 'வாய்மொழிவிடை வினா' நீண்டுவிடுகிறது. இதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை, நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.