யேகர்ஷ்டெட்டர் செய்தது வீரமா, பிடிவாதமா?

மண்வெட்டி:
ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்ற ஆஸ்திரிய விவசாயியைப் பற்றி எங்கள் பங்கு இளைஞர் கூட்டத்தில் பேசினார்கள். ஹிட்லரின் படையில் சேர மாட்டேன் என்று மறுத்து, 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தவர். விசுவாச வீரராம். சரி, வீட்டில் மனைவியும் மூன்று சின்னப் பெண் பிள்ளைகளும் இருந்தார்களே? அவர் செத்ததால் போர் ஒரு நாளாவது முன்னதாக நின்றதா? அவர் பகுதிக்கு ஆயராக (பிஷப்) இருந்த லின்ஸ் ஆயரே குடும்பத்தை நினைத்துப் பார் என்றுதானே சொன்னார்? எனக்கு இது பிடிவாதமாகத்தான் படுகிறது.

ஜெனிட்டா:
பிடிவாதக்காரர் என்றால், ஆயுதம் எடுக்காமல் மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன் என்று ஏன் கேட்டார்? நீதிமன்றம்தான் அதை ஏற்கவில்லை. திடீர் வேகத்தில் எடுத்த முடிவும் இல்லை. ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைக்க 1938இல் நடந்த வாக்கெடுப்பில் அவர் ஊரில் வேண்டாம் என்று போட்டவர் இவர் ஒருவர்தான். ஊர் அதிகாரிகள் அதையும் அமுக்கிவிட்டு நூற்றுக்கு நூறு என்று எழுதி அனுப்பினார்கள்.

பரணி:
விவிலியத்தில் உரோமையர் 13 என்ன சொல்கிறது? அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்றுதானே? படைக்குப் போன மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் விசுவாசம் கெட்டவர்களா?

ஜெனிட்டா:
அப்படி யார் சொன்னது அண்ணா? அதை எழுதிய பவுலே அரசாங்கத்தின் வாளுக்குத்தான் பலியானார் என்பது மரபு. அந்த அதிகாரத்தை எங்கே அவர் கும்பிட்டார்?

கடைசிபெஞ்சு:
எல்லாரும் அவர் மனைவி ஃபிரான்சிஸ்காவை விட்டுவிட்டீர்கள். முதலில் கணவரின் மனதை மாற்றப் பார்த்தவர் அவர். பிறகு, நானும் அவர் பக்கம் நிற்காவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று கூடவே நின்றார். மூன்று குழந்தைகளும் 'அன்பு அப்பா, சீக்கிரம் வாங்க' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம் சிறைக்குப் போனது. அப்புறம் என்ன ஆயிற்று? உன்னால்தான் அவர் செத்தார் என்று ஊர் அவரையே குற்றம் சொன்னது. விதவை உதவித்தொகை 1950 வரை கிடைக்கவில்லை. வயலையும் பார்த்துக்கொண்டு, கணவர் செய்துவந்த கோயில் வேலையையும் அவரே செய்தார்.

மண்வெட்டி:
அந்தப் படத்தைத்தான் நானும் சொல்கிறேன்! அதைப் பார்த்த பிறகும் ஒரு தகப்பன் எப்படி மறுப்பான்?

ஜெனிட்டா:
அதே பிள்ளைகளுக்கு அப்பா என்ன செய்துவிட்டு வந்தார் என்று பிறகு சொல்ல வேண்டுமே. அந்தப் படை எங்கே போனது, என்ன செய்தது என்று உங்களுக்கும் தெரியும்.

மண்வெட்டி:
போனவர்கள் எல்லாரும் கொலைகாரர்கள் இல்லை அம்மா.

ஜெனிட்டா:
இல்லைதான். ஆனால் அந்தப் படையில் சேர்வது சரியா என்று முன்கூட்டியே தன்னையே கேட்டுக்கொண்டவர் இவர்.

கடைசிபெஞ்சு:
2007இல் லின்ஸில் யேகர்ஷ்டெட்டருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது ஃபிரான்சிஸ்காவும் வந்திருந்தார். 94 வயது. 2013இல்தான் காலமானார்.

மண்வெட்டி:
அந்த அம்மாவைப் பீடத்தில் ஏற்றுங்கள், முதல் ஆளாக நான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். இவர் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.